ஐந்து வீட்டுக்கு ஐந்து துண்டு

காலி அறை ஒன்றில் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்க்காதவன் வாழ்ந்து என்ன பயன்? போன ஜூன் மாதம் ஒரு காலையில், மட்டி சூப் கிண்ணத்திலிருந்து ஆவியோடு ஆவியாக இந்தக் கேள்வி எழுந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். முதுகை நிமிர்த்தினேன். நவாதா ஹிசாவோ ஆகிய நான், மட்சுயே நகரசபையின் குடிநீர்ப் பிரிவில் ஆயுசெல்லாம் குழாய்க் கசிவு தேடி ஓய்வு பெற்றவன், என் மனைவி மிட்சுயோவிடம் கம்பீரமாக அறிவித்தேன்.

"இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அந்த ஆறு பாய் அறையைச் சுத்தமாக் காலி பண்ணப் போறேன். உள்ள ஒரு குண்டூசி இருக்கக் கூடாது."

மிட்சுயோ முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடியே, "சரி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையில் சரி சொன்னதில்லை. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டால்கூட எந்த ஜன்னல், எவ்வளவு, எதுக்கு என்று மூன்று கேள்வி வரும். அன்றைக்கு அவள் சரி என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சூப் அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வோம், அதில் ஆறு பாய் விரிக்கலாம். எங்கள் வீடு பழைய கோட்டை அகழியின் கரையில் இருக்கிறது. அந்த அறையின் காகிதக் கதவைத் தள்ளினால் நேரே தண்ணீர். நல்ல வெயில் நாளில், மத்தியானம் சாய்கிற நேரத்தில், சூரியன் அகழியில் விழுந்து அங்கிருந்து தெறித்து அறையின் கூரையில் வந்து ஆடும். வெளிச்சமே தண்ணீராகி மரப்பலகைமேல் ஓடுகிற மாதிரி இருக்கும். கீழே ஒரு படகு போனால் கூரை முழுவதும் கலங்கும். அப்புறம் அவசரமே இல்லாமல் தெளியும்.

இதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நாங்கள் குடிவந்த முதல் நாள். சாமான் லாரி வருவதற்குத் தாமதமாகிவிட்டது. நானும் மிட்சுயோவும் வெறும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை என் கைமேல் இருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். பிறகு லாரி வந்தது. சாமானை இறக்கினார்கள். அதோடு கூரையும் போயிற்று.

அந்த லாரி இன்றைக்கு வரைக்கும் இறக்கிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போனால் ஒரு பெட்டி தருவார்கள். சாவுக்குப் போனாலும் ஒரு பெட்டி தருவார்கள். கோடைக்கு ஒரு பெட்டி, வருஷக் கடைசிக்கு ஒரு பெட்டி. உள்ளே துண்டு, சோப்பு, தேயிலை, மறுபடியும் துண்டு. யாரும் திறப்பதில்லை. வேறு யாருக்காவது கொடுக்க உதவும் என்று அடுக்கிவைப்போம். அப்படி அடுக்கியது அகழிப் பக்கத்துக் காகிதக் கதவை மறைத்து, ஜன்னலை விழுங்கி, கூரையைத் தொட்டுவிட்டது. மிச்ச இடத்தில் என்னுடைய சேகரிப்பு. தூண்டில் கம்புகள், ஒரு அக்கார்டியன், சக்கரம் இல்லாத உடற்பயிற்சி சைக்கிள், கல் குறைகிற 'கோ' ஆட்டப் பலகை. ஆபீஸ் ஞாபகார்த்தமாக, இனிமேல் எந்தக் குழாய்க்கும் பொருந்தாத பித்தளை மூட்டுகள் ஒரு சாக்கு.

வேலையைத் தொடங்கிய அன்று மிட்சுயோ அறைக்குள் வந்தாள். பெட்டிகளுக்கு நடுவே கையை விட்டு ஒரு சின்ன தையல் டப்பாவை எடுத்தாள். "இந்த அறையில என்னோடது இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெண்களால் எதையும் விட முடியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் குப்பை வழியை முயன்றேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. எங்கள் தெருவில் குப்பை என்பது சும்மா தூக்கிப் போடுகிற விஷயமல்ல. உள்ளே இருப்பது தெரிகிற பை, பைமேல் வீட்டுப் பெயர், இன்ன கிழமைக்கு இன்ன குப்பை. அத்தனைக்கும் மேலே, குரெமோட்டோ அம்மா. பக்கத்து வீட்டு விதவை. மடக்கு நாற்காலி போட்டுக் குப்பை மூலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நான் பிரிக்காத துண்டுப் பெட்டிகளைப் பையில் கட்டி வைத்துவிட்டு வீடு திரும்பினால், பை எனக்கு முன்னால் என் வாசலில் இருந்தது. அந்த அம்மா எந்தச் சந்தில் வந்தார் என்று இன்றுவரை தெரியாது. புதுத் துணியைக் குப்பையில் போடுகிற கை வெளங்குமா என்பதை அவர் வாயைத் திறக்காமல் ஒரு பார்வையில் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் பெட்டிகளுக்கு நடுவிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன். வெளியே மழை, தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தம். கனவில் அறை காலியாக இருந்தது. பாய் மட்டும் இருந்தது. பாய்மேல் நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பாயும் இல்லை, நான் அகழியில் மிதந்துகொண்டிருந்தேன், எனக்கு மேலே கூரை நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. கண் விழித்தால் தலைமேல் ஒரு சோப்புப் பெட்டி.

மிட்சுயோ வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தூக்கிப் போடறது எதுக்கு? யாருக்காவது குடுத்துடுங்களேன்."

"எதைக் குடுக்கறது?"

"முதல்ல துண்டு. துண்டு வேணாம்னு சொல்ற வீடு இந்த ஊர்ல கிடையாது."

"யாருக்கு?"

"எதிர்ல மூணு வீடு. வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு. அது போதும். மத்ததெல்லாம் தன்னால நடக்கும்."

எவ்வளவு எளிமையான யோசனை. அவளே உட்கார்ந்து பழைய உறைகளைப் பிரித்து, ஐந்து பெட்டிகளுக்கும் புது வெள்ளைக் காகிதம் சுற்றி, சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டினாள். என் கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள். துண்டு கொடுக்கக் கோட்டு எதற்கு என்று கேட்டேன். கொடுப்பதை மரியாதையாகக் கொடுக்க வேண்டும் என்றாள். நிறையப் பேசக் கூடாது, இடுப்பு வரைக்கும் நன்றாகக் குனிய வேண்டும், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று மட்டும் சொன்னால் போதும் என்று பாடம் எடுத்தாள். அவள் காலரைச் சரிசெய்துவிடும்போது நான் கூரையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர் வீடு அவானோவுடையது. எங்கள் தெருச் சங்கத் தலைவர். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று கேட்டார். இந்த மழை முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றேன். வீட்டம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவளுக்குத்தான் ரொம்ப சந்தோஷம், கோட்டுக்கு இஸ்திரி போட்டதே அவள்தான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டு உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

குரெமோட்டோ அம்மா அழுதே விட்டார். கருங்கல்லில் செய்த முகம் அது. அதில் கண்ணீரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"குப்பை விஷயத்துல நான் எதாவது கடுகடுன்னு இருந்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க அண்ணே. எனக்கு வேற என்ன வேலை இருக்கு, சொல்லுங்க."

ஒரு துண்டு மனிதர்களை இவ்வளவு நெருக்கமாக்குமா? இத்தனை வருஷம் இதை அறையில் அடுக்கிவைத்தோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டு, மழையில் குடையை விரிக்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அவானோ வந்தார். கோலாமீனை அரைத்து மூங்கிலில் சுற்றிச் சுட்ட பெரிய உருளைகள், ஒரு பெட்டி நிறைய. "அங்க இதெல்லாம் கிடைக்காதே" என்றார். அங்கே என்று அவர் மோவாயால் காட்டிய பக்கம் எங்கள் சமையலறை இருந்தது. உண்மைதான், அங்கே கிடைப்பதில்லை. வாங்கிக்கொண்டேன்.

அடுத்தாற்போல் எதிர் வரிசை மூலை வீட்டார் கனமான கம்பளி கொண்டுவந்தார்கள். ஜூன் மாதத்தில் கம்பளி. அங்கே காற்று கடுமையாக இருந்தாலும் இருக்கும் என்றார்கள். இந்த அங்கே எங்கேதான் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். மிட்சுயோ எனக்கு முன்னால் குனிந்து நன்றி சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் ஒன்றைக் கொடுத்தால் ஒன்று திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாத்திரம் காலியாகத் திரும்பாது. ஆனால் துண்டுக்குக் கம்பளி என்பது என் அனுபவத்தில் இல்லாத விகிதம்.

அப்புறம் நான் துண்டே கொடுக்காத வீடுகளிலிருந்து வர ஆரம்பித்தது. தெருக்கோடி பலசரக்குக்காரர் தேயிலைப் பெட்டி. படகோட்டி ஒருவர் தன் வீட்டுக் கிண்ணங்கள். சங்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு பெரிய அரிசிக் குக்கர். எங்கள் தெருப் பாட்டு வகுப்புக்காரர்கள் வாசலில் நின்று குடையின் கீழ் ஒரு பாட்டும் பாடிவிட்டு, ஒரு மூட்டை கடற்பாசியை வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் குரெமோட்டோ அம்மா ஒரு பீங்கான் ஜாடியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் போட்ட பிளம் ஊறுகாயில் கடைசி ஜாடி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

சாயங்காலம் ஆறு பாய் அறைக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே போக முடியவில்லை. கதவுவரைக்கும் சாமான். வெளியில் இருந்தே எட்டிப் பார்த்தேன். கூரை இருப்பதற்கான அத்தாட்சியே இல்லை.

மிட்சுயோ சமையலறையில் பிளம் காய்களின் காம்பைக் குச்சியால் நீக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"என்ன நடக்குது இந்த வீட்டுல?"

"ஏன்?"

"எல்லாரும் அங்க அங்கங்கறாங்க. ஒருத்தி கண்ணீர் விடறா, கும்பலா வந்து பாட்டு பாடறாங்க. எனக்கு எதாவது வியாதியா? டாக்டர் உன்கிட்ட மட்டும் சொன்னாரா?"

"ஏங்க, நம்ம ஊர்ல கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, எதிர்ல மூணு வீட்டுக்கும் பக்கத்துல ரெண்டு வீட்டுக்கும் துண்டு எப்பக் குடுப்பாங்க?"

பிளம் காய் ஒன்று மேஜையில் உருண்டு என் பக்கம் வந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் குடி வரும்போது கொடுப்பார்கள். குடி பெயர்ந்து போகும்போது கொடுப்பார்கள். எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நானே குடிவந்தபோது கொடுத்திருக்கிறேன். அதே ஐந்து வீட்டுக்கு.

"நாம போறோம்னு நெனச்சுக்கிட்டாங்களா?"

"போறோம்னு நீங்க சொன்னீங்களா?"

"இல்லியே."

"போகலைன்னு சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே."

"இத்தனை வருஷம் பாத்துக்கிட்டதுக்கு நன்றின்னு சொன்னீங்க. மழை முடியறதுக்குள்ள முடிச்சிடணும்னு சொன்னீங்க. குடுத்ததை எல்லாம் வாங்கிக்கிட்டீங்க. அவங்க வேற என்னதாங்க நெனப்பாங்க?"

நன்றி சொல்லச் சொன்னதே நீதானே என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் அப்படியொரு கவலை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது. உலகத்தில் மற்றவர்கள் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். நான் துண்டைக் கொடுத்து இடத்தை விட்டவன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். தாராளமாகச் சொல்லலாம் என்றாள் அவள். அந்த ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு குரெமோட்டோ அக்கா வாசலில் போய் நின்று, சும்மா ஒரு அறையைக் காலி செய்ய ஆசைப்பட்டேன், அதற்குத்தான் துண்டு, நீங்கள் அழுதது வீண் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னாள். நான் ஜாடியைத் தூக்கினேன். வேலி வரைக்கும் போனேன். அந்த அம்மா எங்கள் வீட்டு முன்பக்கத்தை மழையில் பெருக்கிக்கொண்டிருந்தார். போகிறவர்கள் போகும்போது வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்றார். நானும் ஜாடியும் திரும்பி வந்தோம்.

"அப்ப ரெண்டு பேரும் எங்கயாவது கொஞ்ச நாள் போயிட்டு வந்துடலாமா?" என்றேன்.

"வீட்டை யாரு பாக்கறது? ஒருத்தர் முன்னாடி போனாப் போதும், இன்னொருத்தர் அப்புறம் வருவார்னு ஊர் நெனச்சுக்கும்."

"யாரு?"

மிட்சுயோ என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்று அப்படிப் பார்த்திருக்கிறாள்.

"துண்டு யாரு குடுத்தது?"

எல்லாம் மளமளவென்று முடிவாகிவிட்டது. ஓக்கி தீவில் அவள் தம்பி யசுனோரி இருக்கிறான். கணவாய் பிடித்துக் காயப்போடுகிறவன். கைக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறானாம். அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்தால் அவனுக்கும் உதவி, தெருவுக்கும் சொன்ன சொல் தப்பாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஊர் கொஞ்சம் மறக்கும்வரைக்கும் என்றாள். எங்கள் தெருவின் ஞாபக சக்தியை நான் அறிவேன். அவானோவின் தாத்தா வெள்ளத்தில் தொலைத்த செருப்பைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அவானோ வாய்க்கால் சுத்தம் செய்கிற முறைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். பெயரே போன பிறகு ஆள் இருந்து என்ன செய்வது?

சாமான் பற்றி ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. அது சின்னதாக இருந்ததற்குக் காரணம், நான் ஒரு வாக்கியம்தான் பேசினேன். போகிறவருக்குக் கொடுத்ததெல்லாம் போகிறவரோடுதான் போக வேண்டும், அதை இங்கே வைத்துக்கொண்டால் ஊர் நம்மைத் திருடர்கள் என்று சொல்லும் என்றாள் மிட்சுயோ. நியாயம்தான். தீவில் மீன் பிடிக்கத் தூண்டில் வேண்டும் என்றாள். தனியாக இருப்பவருக்கு அக்கார்டியன் துணை என்றாள். மழை நாளில் சைக்கிள் மிதிக்கலாம், யசுனோரிக்கு 'கோ' ஆடத் தெரியும், பித்தளை மூட்டு வலைக்குக் கனம் கட்ட உதவும். என் சாமான் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு உபயோகம் இருப்பது எனக்கே தெரியாது. மிச்சமிருந்த சோப்பு, தேயிலைப் பெட்டிகளைத் தீவில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாம், நாலு பேர் பழக்கமாவார்கள் என்றாள். லாரி வந்தது. ஏற்றிக்கொண்டு போயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அந்த அறைக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டேன். ஒன்றுமே இல்லை. ஆறு பாய், நாலு பக்கம், ஒரு கூரை. பெட்டிகள் இருந்த இடத்தில் பாய் இன்னும் பச்சை வாசனை மாறாமல் இருந்தது. என் காலடிச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. நான் நடுவில் மல்லாக்கப் படுத்தேன். வெளியே மழை. காகிதக் கதவு முழுவதும் சாம்பல் வெளிச்சம். கூரையில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மனசு அப்படி லேசாகிவிட்டது. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்ல முடியாது. படகு ஒன்று போகிற சத்தம் கேட்டது, அது எனக்குள்ளே போன மாதிரி இருந்தது.

மிட்சுயோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மழை நின்னாத்தான் வரும்" என்றாள்.

"ஆமா."

"நாளைக்கே நின்னாலும் நிக்கும்."

"நின்னா எனக்கு ஃபோன் பண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும். நான் இல்லாம பாத்துடாதே."

அவள் என் நெற்றியில் கையை வைத்தாள். காய்ச்சல் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் தெருவே துறைமுகத்துக்கு வந்தது. அவானோ ஒரு சொற்பொழிவு ஆற்றினார். என்னால் இந்நகரத்தின் ஒரு குழாயும் கசிந்ததில்லை என்றார், அது உண்மையல்ல என்று அவருக்கும் தெரியும். குரெமோட்டோ அம்மா கை ஆட்டிக்கொண்டே இருந்தார். மிட்சுயோ எல்லோருக்கும் முன்னால் நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். அவள் எனக்காக அழுது நான் பார்த்ததே இல்லை. கப்பல் நகர்ந்தபோது எனக்கும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. முதலில் கடல் ஓர் இடத்தில் மட்டும் வெள்ளியாயிற்று. பிறகு முழுக் கடலும். கப்பல் தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு எங்கள் பக்கத்தில் இன்றோடு மழைக்காலம் முடிந்தது என்று சொன்னாள். மேல்தளத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பையைத் துழாவினேன், யாரோ கொடுத்த துண்டு ஒன்று அகப்பட்டது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சர்வமும் போனவனுக்கு அதுதானே பொருத்தம்.

தீவில் இறங்கியதும் யசுனோரி வாய் நிறைய, "வாங்க மச்சான், வாங்க" என்றான். அவன் மனைவி ஃபுசாயே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை என் முன்னால் வைத்தாள். போட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக என் அளவு. என் கால் எங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைக்காத அளவு.

"இது எப்பம்மா வாங்கினே?" என்றேன்.

"இதுவா? பெரிய படகுல சொல்லி வரவழைச்சதுண்ணே. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அண்ணி அளவு சொல்லிட்டாங்களே."

நான் பூட்ஸோடு அப்படியே நின்றேன். மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் அறையைக் காலி செய்கிற எண்ணமே எனக்கு இல்லை. பிறகு மெதுவாக ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மே மாதக் கடைசியில் ஒரு நாள், நான் அரைத் தூக்கத்தில் இருந்தபோது, மிட்சுயோ என் காதுக்குப் பக்கத்தில் வந்து, அந்த அறையில் மத்தியானம் தண்ணி வெளிச்சம் வருமே, ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். நான் உம் என்றேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் தன்னால நடந்தது.

எனக்கு ஒதுக்கிய அறை நாலரைப் பாய். என் சாமான் எனக்கு முன்னால் வந்து குடியேறிவிட்டது. குக்கர், கம்பளி, கிண்ணம், சைக்கிள், கடற்பாசி மூட்டை, சோப்பு. நான் கால் மடக்கிப் படுக்கிறேன். கம்பளி சுருட்டிவைத்தபடியே தலையணையாகிவிட்டது. மேலே காய்கிற கணவாய்கள் வரிசையாகத் தொங்கிக் காற்றில் ஆடுகின்றன. கண்ணைப் பாதி மூடினால் அது ஒரு மாதிரி அலையடிக்கத்தான் செய்கிறது. மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். சோப்புப் பெட்டிகளைத் தீவில் வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தேன். இங்கேயும் பாத்திரம் காலியாகத் திரும்பாது. ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு கட்டுக் கணவாய் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் மிட்சுயோ ஃபோன் செய்தாள். ஊர்ச் சங்கதி சொன்னாள். குரெமோட்டோ அக்கா தினமும் வந்து போகிறாராம். ஒருவர் இல்லாததில் வீட்டில் குப்பை ரொம்பக் குறைந்துவிட்டது என்று பாராட்டினாராம். நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"வந்துச்சா?" என்றேன்.

"ம்ம்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் இப்போதும் அங்கேதான் படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. காலி அறையில் பேசுகிற குரல் தனி, லேசாக எதிரொலிக்கும்.

"அன்னிக்கு மாதிரியேதாங்க. முதல்ல ஓரத்துல ஒரு கோடு வந்துச்சு. அப்புறம் கூரை பூரா. ஒரு படகு போச்சு. எல்லாம் கலங்கி, அப்புறம் தெளியற வரைக்கும் நான் மூச்சே விடலை. இத்தனை வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

கோபம் வர வேண்டிய இடம். பார்த்துடாதே என்று அத்தனை தூரம் சொல்லிவிட்டு வந்தவன் நான். ஆனால் அவள் குரலில் அந்த முதல் நாள் இருந்தது. எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கைக்கு எட்டியது குக்கரின் மூடி.

"நான் எப்ப வரட்டும்?" என்றேன்.

"எப்ப வேணா வாங்க. உங்க வீடுதானே. ஆனா ஒரு சாமானும் எடுத்துக்கிட்டு வரக் கூடாது. கையை வீசிக்கிட்டு வரணும்."

"சரி." முதல் தடவையிலேயே சொல்லிவிட்டேன்.

"அப்புறம் முறைன்னு ஒண்ணு இருக்கு. குடி வர்றவங்க எதிர்ல மூணு வீட்டுக்கும் பக்கத்துல ரெண்டு வீட்டுக்கும் துண்டு குடுக்கணும்."

"தெரியும்மா. அஞ்சு துண்டு வாங்கிக்கிட்டு வரேன்."

"ஆறா வாங்குங்க" என்றாள் மிட்சுயோ. "இந்த வீட்டுலயும் ஒருத்தி குடியிருக்கா."